ராயக்கோட்டையில் என் கைக்கு ஒரு கத்தி

மூன்று வருஷத்துக்கு முன்னால், 1955 ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை, மூன்று அங்குலக் கத்தி ஒன்று வாங்குவதற்காகச் சேலத்திலிருந்து ராயக்கோட்டைக்குப் போய் ஒரே நாளில் திரும்பினேன். போக வர நூற்று எழுபத்தாறு மைல். உள்ளூரில் கத்தியே இல்லையா என்று என் மனைவி அன்றைக்குக் கேட்டாள், இன்றைக்கும் கேட்கிறாள். அந்தக் கத்தியைப் பார்த்தவர்கள் பலரும் வழி கேட்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இடக்கைக்காரன். அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகத் தச்சு வாத்தியார். வேலை நிலைக்க வேண்டுமானால் செய்முறைப் பரீட்சை தேற வேண்டும்: மூன்று மணி நேரத்தில் ஒரே கட்டையிலிருந்து கத்தியால் மட்டுமே ஒரு மரக்கரண்டி. கத்தி அவரவர் கொண்டுவர வேண்டியது. கடைக் கத்திகளில் ஒரு பக்கம்தான் சரிவாகத் தீட்டியிருக்கும். வலக்கையில் பிடித்தால் மரத்தின் மேல் வழுக்கிச் சீவும். இடக்கையில் பிடித்தால் மரத்துக்குள் குத்திக்கொண்டு இறங்கும். முந்தின வருஷம் என் கரண்டி பாதியில் பிளந்தது. மேற்பார்வைக்கு வந்த பெரியவர், "வலக்கையில பழகினா என்ன?" என்று கேட்டு, 'கத்தி பிடிக்கும் முறை தவறு' என்று குறித்துவிட்டுப் போனார். நான் ராயக்கோட்டை போன மறுநாள், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாவது பரீட்சை. அதிலும் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் தெருவில் வண்டிச்சக்கரம் செய்கிறவர் ஒருவர் இடுப்பில் சின்னக் கத்தி வைத்திருப்பார். கட்டையும் சீவுவார், அதே கத்தியால் மாம்பழமும் நறுக்குவார். ராயக்கோட்டையில் வெங்கடாசல ஆசாரி அடித்ததாம். "அளவு கிளவு ஒண்ணும் கேக்க மாட்டாரு. ஆள் கையைப் பாத்துதான் அடிப்பாரு" என்றார். பரீட்சைக்கு முந்தின நாள்வரை லீவு கிடைக்கவில்லை.

சேலத்தில் காலை ஐந்து மணிக்கு பஸ். தருமபுரி நாற்பது மைல், ஒன்றே கால் ரூபாய், ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டணாவுக்குக் காப்பி, சூடு மட்டும் உண்டு. அங்கிருந்து காவேரிப்பட்டினம் வழியாகக் கிருஷ்ணகிரி இருபத்தொன்பது மைல், பதினைந்து அணா. மாம்பழக் காலம் என்பதால் பஸ்ஸின் மேலேயும் கூடை, என் மடியிலும் யாருடையதோ ஒரு கூடை. முன்பு இங்கே ஓடிய சின்ன ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்தின்போது பெயர்த்துக்கொண்டு போன பிறகு இந்தப் பக்கத்துக்கு பஸ்ஸை விட்டால் கதியில்லை. பாலக்கோடு வழி தூரம் குறைவுதான், ஆனால் பஸ்ஸும் குறைவு.

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை பத்தொன்பது மைல், பத்தணா. ஒன்பதரைக்குக் கிளம்பிய அந்த வண்டியை ஓட்டியவர் ஆரோக்கியசாமி. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும், ஏற்றத்தில் வண்டி முனகினால் அதைத் தொட்டுக்கொள்வார். ஒரே நாளில் திரும்ப வேண்டும் என்றதும், "மூணு மணிக்கு இதே வண்டிதான் திரும்புதுங்க. உட்டுட்டா நாளைக்குத்தான்" என்றார். பத்தே முக்காலுக்கு இறங்கினேன்.

மலைக்கோட்டைக்குப் போகும் பாதையில் இரண்டு பர்லாங்கு நடந்தால் பட்டறை. ஆசாரி சம்மட்டியைக் கீழே வைக்காமலே தலையசைத்தார். அவர் மனைவி நாகம்மா துருத்தி இழுத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குள் தெலுங்கு, என்னிடம் தமிழ், சாணைக்கல் கொண்டுவந்த ஆளிடம் கன்னடம். ஒரே மூச்சில் மூன்றும் வந்தன. பள்ளிக்கூட வாத்தியார், கத்தி வேண்டும் என்றேன். ஆசாரி ஒரு பச்சைப் புங்கங்குச்சியையும் பழைய கத்தி ஒன்றையும் கொடுத்தார். "சீவுங்க, பாக்கலாம்."

இங்கேதான் என் புத்தி போனது. உலைக்கு மேலே சாமி படம், இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல்லில் பொட்டு. பள்ளிக்கூடத்தில் இடக்கையால் எழுதியதற்கு வாங்கிய பிரம்படி எல்லாம் ஞாபகம் வந்தது. வலக்கையால் சீவினேன். குச்சி கடித்துத் துப்பிய கரும்பு மாதிரி ஆனது. ஆசாரி கூர்ந்து பார்த்தார். "வாத்தியாருக்குக் கை கூசுது. பிடி கொஞ்சம் தடிமனா போட்டுடறேன்" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

லாரி ஸ்பிரிங் துண்டிலிருந்து அலகு அடித்து, தண்ணீரில் தோய்த்து, சாணை பிடித்து, வேலமரப் பிடியில் அரக்கு ஊற்றி இறக்கி, மூங்கில் உறையோடு ஒன்றரை மணிக்குக் கையில் கொடுத்தார். இரண்டேகால் ரூபாய். அழகான கத்தி. எனக்கு உதவாத கத்தி. கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ் நிற்கும் புளியமரத்தடியில் உட்கார்ந்து, ஒருவேளை சரியாக இருக்குமோ என்று ஒரு குச்சியை எடுத்து இடக்கையால் சீவிப் பார்த்தேன். முதல் இழுப்பிலேயே குத்திக்கொண்டு நின்றது. நாளைக் காலை நடக்கப்போவது கண்ணுக்குத் தெரிந்தது. அழவில்லை, அவ்வளவுதான்.

"வாத்தியாரே, குடையை மறந்துட்டீங்க." நாகம்மா நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், நாளைய பரீட்சை உட்பட. இரக்கப்படுவார் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

"அப்ப எங்க ஊட்டுக்காரரை ஏமாத்திட்டீங்க. அவரு கண்ணால பாத்து அடிக்கறாரு, நீங்க பொய்யைக் காட்டுனா அவரு என்ன பண்ணுவாரு?"

"உலைக்கு முன்னால இடது கையை..." என்று இழுத்தேன்.

"நான் துருத்தி எந்தக் கையில இழுத்தேன், பாத்தீங்களா? வலது கை வலிச்சா இடது கை. உலை என்ன அணைஞ்சா போச்சு? எந்திரிங்க."

அப்போது மணி இரண்டேகால். என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டு, நின்றிருந்த பஸ் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தார். பட்டறையில் ஆசாரி, மனைவி தெலுங்கில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இன்னொரு புங்கங்குச்சியை நீட்டினார். இடக்கையால் வாங்கி இடக்கையால் சீவினேன். அந்தப் பழைய கத்தி என் கைக்கு எதிரிதான், ஆனாலும் கை எங்கே திரும்புகிறது, கட்டைவிரல் எங்கே உட்காருகிறது என்று அவருக்குத் தெரிந்துபோனது. "இப்பத்தான் நீங்க கத்தி கேக்கறீங்க" என்றார்.

அடித்து வைத்து இன்னும் தோய்க்காத அலகு ஒன்று கிடந்தது. எதிர்ப்பக்கத்தில் சரிவு அராவி, பழுக்கக் காய்ச்சித் தோய்த்தார். நாகம்மா துருத்தியை விட்டுவிட்டுப் பிடி செதுக்கினார், மெல்லியதாக. முதல் கத்தியை ஆசாரி திரும்ப வாங்கி ஆணியில் மாட்டினார். "வலது கை ஆளுங்களுக்கா பஞ்சம்?" மேலே காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

நான் ஓடி வரும்போது மூன்று இருபது. பஸ் நின்றுகொண்டிருந்தது. ஆரோக்கியசாமி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், அதுவும் ஒரு சொம்பால். பக்கத்திலேயே வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. உள்ளே ஒருவர், "இந்த வண்டிக்கு இன்னைக்கு என்ன இவ்ளோ தாகம்?" என்று அலுத்துக்கொண்டார். உட்கார இடம் கொடுத்தவரும் அவரே. நான் ஏறியதும் தாகம் தீர்ந்தது. நன்றி சொன்னேன். "நாகம்மா சொல்லிட்டுப் போச்சுங்க" என்று மட்டும் சொன்னார். கிருஷ்ணகிரியில் ஐந்து மணி பஸ் கிடைத்தது. எட்டே முக்காலுக்குச் சேலம்.

மறுநாள் பரீட்சைக்கு வந்தவர் அதே பெரியவர். கத்தியை இடக்கையில் எடுத்தேன், மறைக்கவில்லை. கட்டையில் வைத்ததும் கத்தியே வேலையைப் பார்த்துக்கொண்டது. பன்னிரண்டரைக்குக் கரண்டி முடிந்தது. பெரியவர் வந்து அதைத் தடவிப் பார்த்துக் கீழே வைத்தார். கத்தியை வலக்கையில் எடுத்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, கழிவுக் கட்டையில் ஒரே ஒரு சீவு சீவினார். அறுபடாமல் ஒரு முழ நீளத்துக்குச் சுருள் வந்தது. எனக்கு அப்படி வராது.

"எங்கே வாங்கினீர்?"

"ராயக்கோட்டைங்க."

"எப்படிப் போகணும்?" நான் சொல்லச் சொல்ல ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார், வலக்கையால். நான் தேறிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. நான் சொன்னதெல்லாம் அணாக் கணக்கு; நயா பைசா வந்த பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கும். அமாவாசையன்று உலை மூட்ட மாட்டார்கள். சந்தை நாளில் கலப்பைக் கொழுதான் முதலில் நிற்கும், சின்னக் கத்திக்காரர் காத்திருக்க வேண்டியதுதான். பதினோரு மணிக்குள் பட்டறையில் இருங்கள். கத்திக்கு வாரம் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் போதும். அந்த மூன்று பேர் இல்லாவிட்டால் இன்று நான் வாத்தியார் இல்லை. பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவருக்கு அன்று பஸ் நேரமும் கட்டணமும்தான் சொன்னேன், முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இதை அவர் படிப்பாரானால்: ஆசாரி ஒரு புங்கங்குச்சி கொடுப்பார், இடக்கையால் வாங்குங்கள் ஐயா.