பெயர் மட்டும் நகர்ந்தபோது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்துப் பகல். விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு செராமிக் கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. மாலை வகுப்புக்குப் போய், கம்ப்யூட்டரில் விவரங்களைத் தேட, அடுக்க, வடிகட்டக் கற்றுக்கொண்ட புதிது. அந்தத் தெனாவட்டில் அறுபது பேருக்கும் நானே அடையாள அட்டை தயாரித்துக் கொடுத்திருந்தேன். முன்பக்கம் பெயரும் படமும். பின்பக்கம், அவசரத்துக்கு அழைக்க வீட்டு எண்.

அன்று சூளையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் பலகையிலிருந்து தவறி விழுந்தார். தலையில் அடி, நினைவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே அவர் அட்டையைத் திருப்பி, அந்த எண்ணுக்குப் பேசினேன். "உங்க வூட்டுக்காரருக்கு அடிபட்டுடுச்சுங்க, உடனே வாங்க." பதற்றத்தில் பெயரைச் சொல்லத் தோன்றவில்லை.

மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு அக்கா அழுதுகொண்டே ஓடிவந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இவரு எங்க வூட்டுக்காரர் இல்லீங்க."

அவர் கணவரும் எங்கள் கம்பெனிதான். அந்த நேரத்தில் நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தலைகுனிந்து நின்றேன். அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ இவரு வூட்டுல இன்னும் யாருக்கும் தெரியாதா?" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. அட்டைகளை அகரவரிசையில் அச்சடிப்பதற்காக, வேலைக்குச் சேர்ந்த வரிசையில் இருந்த பட்டியலில் பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கியிருந்தேன். பக்கத்தில் உள்ள விவரங்களையும் சேர்த்து நகர்த்தவா என்று கம்ப்யூட்டர் கேட்கத்தான் செய்தது. எனக்குத் தெரியாததா என்று, வேண்டாம் என்றேன். பெயர்கள் இடம் மாறின. வீட்டு எண்கள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. படங்களை மட்டும் முகம் பார்த்து ஒட்டியதால் அவை தப்பின.

அதற்குள் டாக்டர், உடனே பாண்டிச்சேரிக்கு அனுப்ப வேண்டும், குடும்பத்தில் ஒருவர் கூடப் போக வேண்டும் என்றார். அடிபட்டவரின் போனோ பூட்டிக் கிடந்தது. அழுது ஒன்றும் ஆகப்போவதில்லை என்று உட்கார்ந்து யோசித்தேன். எண்கள் நகரவில்லை என்றால், அவை இன்னும் வேலைக்குச் சேர்ந்த வரிசையில்தானே இருக்கும்? வருகைப் பதிவேடும் அதே வரிசைதான். கம்பெனிக்குப் போன் போட்டு, பதிவேட்டில் அவர் எத்தனையாவது ஆள் என்று சூப்பர்வைசரை எண்ணச் சொன்னேன்.

"முப்பத்தேழுங்க."

கம்ப்யூட்டர் பட்டியலில் முப்பத்தேழாவது வீட்டு எண்ணைப் படிக்கச் சொல்லி, அந்த எண்ணுக்கு அழைத்தேன். இந்த முறை பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

"ஆமாங்க, அவரு சம்சாரம்தான் பேசுறேன். என்னாச்சுங்க?"

ஆம்புலன்ஸ் கிளம்பும் நேரத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். அதுவரை மங்கலம்பேட்டை அக்கா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. வந்தவரைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றியதும் அவர்தான்.

அடிபட்டவர் பிழைத்து, சில மாதங்களில் வேலைக்குத் திரும்பினார். என் தவறை எல்லோர் முன்பும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். புது அட்டை கொடுத்தபோது, ஒவ்வொருவரையும் அதிலுள்ள எண்ணுக்கு என் எதிரிலேயே பேச வைத்தேன். "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று அறுபது வீடுகளுக்கும் சேதி போனது.

இன்று எவ்வளவு பெரிய பட்டியலையும் பயமில்லாமல் அடுக்குகிறேன். ஆனால் ஒரு பெயரை நகர்த்தும்போது, அந்தப் பெயருக்காகப் பதறி ஓடிவரக்கூடியவர்களையும் சேர்த்தே நகர்த்துகிறேன் என்பதை மறப்பதில்லை.