மார்மனா, மாமனா?

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி வேண்டாம் என்று சொன்னபோது, சம்பந்தம் முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வேறு எப்படி நினைப்பது? எங்கள் பக்கம் பெண் பிடிக்கவில்லை என்றால் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. "இப்பத்தானுங்க குடிச்சிட்டு வந்தோம்" என்று டம்ளரை நகர்த்தி வைத்துவிடுவார்கள். அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை. அதிலும் இது கடையில் வாங்கிய தூள் இல்லை. எங்கள் தோட்டத்துச் செடியில் பறித்து, நானே காயவைத்து வறுத்து அரைத்தது. பையனும் அவன் அம்மாவும் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைப்பாதையில் வளைவு வளைவாகப் பஸ்ஸில் குலுங்கி, முகம் வெளுத்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். சூடாக ஒரு வாய் உள்ளே போனால் உயிர் வரும் என்று தட்டை நீட்டினேன். இரண்டு பேரும் ஒன்றாக, "வேண்டாங்க" என்றார்கள்.

அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார்.

"என்ன புள்ள?"

"குடிக்க மாட்டேங்கறாங்களே. பொண்ணு புடிக்கல போலங்க."

"உன்ற காபியத்தான புடிக்கல. அதுக்கு அழுகறதுன்னா நான் இத்தன வருசமா அழுதிருக்கோணும்."

மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, அவங்க சபையில காபி, டீ ரெண்டும் குடிக்க மாட்டாங்க. சொல்ல மறந்துட்டேன்."

சாராயம் கூடாது, பீடி கூடாது என்று சொல்லும் சபை தெரியும். காபி கூடாது என்று ஒரு சபையா? மகள் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். பையனுக்கும் அங்கேதான் வேலை. "கிறிஸ்தவங்கதாம்மா" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்தேன், அதாவது என்னால் எவ்வளவு நிம்மதியாக இருக்க முடியுமோ அவ்வளவு.

"அதென்ன சபை கண்ணு?"

"மார்மன்."

"மாமனா?" என்றார் வீட்டுக்காரர். "அப்பறம் என்ன? முறைதான். தாராளமாக் குடுக்கலாம்."

"மாமன் இல்லப்பா. மார்மன். நடுவுல ஒரு 'ர்' இருக்குது."

"ஒரு எழுத்துதான, உடு."

அவர் இதே மலையில், எடப்புளி நாடு என்கிற பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார், பாட்டை என்னைவிடச் சத்தமாகப் பாடுவார். ஆனாலும் அவர் கணக்கு நாட்டுக் கணக்குதான். உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை: பங்காளிகள், மாமன் மச்சான்கள். பங்காளி கூடப்பிறந்தவன் மாதிரி, அவன் வீட்டில் பெண் எடுக்கவும் கூடாது கொடுக்கவும் கூடாது. மாமன் மச்சானுக்குத்தான் கொடுக்கலாம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மகளின் கல்யாணம் எங்கள் கோயிலில் நடக்க வேண்டும். சின்ன ஓட்டுக் கட்டடம்தான், மழைக்கு ஒழுகும். மலையில் எங்களைப் போன்ற குடும்பங்களும் கொஞ்சம்தான். ஆனால் அங்கேதான் அவளுக்குப் பெயர் வைத்தது. அந்தப் பீடத்துக்கு முன்னால் அவள் மாலையோடு நிற்பதை, அவள் பிறந்த நாளிலிருந்தே நான் நினைத்துப் பார்த்து, அன்றைக்கு மழை பெய்துவிட்டால் என்ன செய்வது என்று கவலையும் பட்டு முடித்திருந்தேன். இப்படி ஒரு கவலை வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பையனின் சபையும் கிறிஸ்தவத்தில் ஒரு கிளைதான் என்று எங்கள் போதகர் ஒத்துக்கொண்டால்தான் கோயில் கிடைக்கும். ஜெபம் செய்து பேச்சைத் தொடங்கிவைக்க அவரை வரச் சொல்லியிருந்தேன். பாதி வழி வந்திருப்பார்.

வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்க மனமில்லாமல் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுபோனேன்.

"இது என்னதுங்க?" என்றார் பையனின் அம்மா.

"சுக்குக் காபிங்க."

கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, பேர்ல மட்டுந்தானுங்க காபி. உள்ள ஒரு சொட்டு இல்லீங்க."

வாங்கிக் குடித்தார்கள். பையன் இரண்டாவது டம்ளரும் கேட்டான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்த நேரத்தில் போதகர் உள்ளே வந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன்.

எந்தச் சபை என்று கேட்டார். பையன் மறைக்காமல் சொன்னான். போதகரின் முகம் மாறியதைப் பார்த்து, நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, உங்ககிட்ட வேதம் போக இன்னொரு புஸ்தகமும் இருக்குதாமே?"

"ஆமாங்க ஐயா. வேதமும் இருக்குது, அதுவும் இருக்குது."

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, மூணும் ஒரே தேவன்னு நாங்க சொல்றோம். நீங்க தனித்தனின்னு சொல்றீங்க."

"மூணு பேரும் நோக்கத்துல ஒண்ணுங்க ஐயா. ஆனா ஆளு தனித்தனிதானுங்க."

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். மூன்று எப்படி ஒன்றாகும் என்று எனக்கு என்றைக்குமே விளங்கியதில்லை. எல்லோரும் ஆமென் சொல்லும்போது நானும் சொல்லிவிடுவேன். பையன் சொன்னது சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கியதே தப்போ என்று உடனே பயம் பிடித்துக்கொண்டது.

"எங்க சபைப் பேர்லயே இயேசு கிறிஸ்து இருக்காருங்க ஐயா" என்றான் பையன்.

போதகர் கையிலிருந்த டம்ளரைத் தூக்கிக் காட்டினார். "இது என்னதுங்க தம்பி?"

"சுக்குக் காபிங்க."

"இதுல காபி இருக்குதா?"

வம்பை நானே காய்ச்சிக் கையில் கொடுத்திருக்கிறேனே என்று நொந்துகொண்டேன். பையன் தன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"இல்லீங்க ஐயா. காபி இல்லைன்னு தெரிஞ்சுதானுங்க நான் குடிக்கறேன். ஆனா இயேசு இல்லைன்னு தெரிஞ்சா அந்தச் சபைக்கு நான் போகவே மாட்டேனுங்களே."

மகள் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். போதகரும், "அப்ப நீங்களும் கிறிஸ்தவத்துல ஒரு கிளைதான்னு சொல்றீங்க" என்று ஒரு வாய் குடித்தார். காரியம் பழுத்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் பையனின் அம்மா வாயைத் திறந்தார்.

"ஐயா தப்பா நெனைக்கக் கூடாதுங்க. நாங்க கிளையெல்லாம் இல்லீங்க. ஆதியில இருந்த சபை அழிஞ்சு போச்சு. கர்த்தர் அதைத் திரும்பக் கொண்டுவந்தாரு. அதுதானுங்க எங்களது."

போதகருக்குப் புரையேறியது. அவர்களுடையதுதான் ஆதி என்றால், நாங்கள் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது எதில்?

வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சந்தேகமே இல்லீங்க, இது பங்காளிச் சண்டைதான். நாங்கதான் மூத்த வகையறா, நாங்கதான் மொதல்லன்னு பங்காளிதான் மல்லுக்கட்டுவான். மாமன் மச்சான் கட்டமாட்டான்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன்.

"நீதான் புள்ள ரோசன பண்ணோணும். அவிங்களும் கிளைதான்னு ஐயா சொல்லிட்டா, பங்காளி ஆயிருவாங்க. பொண்ணு குடுக்க முடியாது. கிளை இல்லைன்னு சொன்னாத்தான் மாமன் முறை. நீ எதுக்கு மாத்தி வேண்டிக்கிற?"

முதலில் சிரித்தது போதகர். பிறகு சிரித்திருக்கக் கூடாது என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். கோயிலில் நடக்க வேண்டுமென்றால் பையன் எங்கள் முறைப்படி ஞானஸ்நானம் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். பையனின் அம்மா தயங்கித் தயங்கி, தங்கள் சபைக்கு வருவதென்றால் பெண்ணுக்கும் அதேதான் என்றார்.

"ஆக, நீங்க அவனை முக்கோணும், அவிங்க இவள முக்கோணும்" என்றார் வீட்டுக்காரர். "மார்கழி ஓடையில ஒருக்கா முங்குனதுக்கே எனக்குப் பத்து நாள் காச்சலுங்க."

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போதகர் எழுந்து போனார். அதன்பிறகு எனக்குத் தூக்கம் ஏது. போதகர் வீட்டுக்கு ஒரு நாள் மரவள்ளிக்கிழங்கு, ஒரு நாள் வாழைப்பழம், ஒரு நாள் ஒன்றுமில்லாமல் வெறுமனே என்று நடந்தேன். மேலிடத்துக்காரர் ஊரில் இல்லை என்பார். சிக்னல் இல்லை என்பார். சிக்னல் இல்லாததும் தேவனுடைய குறிப்போ என்று நான் திரும்பி வருவேன். கடைசியில் அவரே தேடி வந்தார். முற்றத்தில் நின்றபடியே சொன்னார்.

"கிளைன்னு ஏத்துக்க முடியாதுன்னுட்டாங்கம்மா. கோயில்ல நடத்த எனக்கு அனுமதி இல்ல."

"அப்ப அவங்க கிறிஸ்தவங்களே இல்லீங்களா ஐயா?"

அவர் முற்றத்தில் காய்ந்த மிளகைக் காலால் ஒதுக்கினார். "சபையைப் பத்தித்தாம்மா அவங்க சொன்னாங்க. அந்தப் பையனைப் பத்தி நான் கேக்கல."

நான் போனில் அழுதேன். மகள் அழவில்லை. "கீழ போயிப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கறோம்மா. யாரும் யாரையும் முக்க வேண்டாம். தாலியை எங்க கட்டுனாலும் நீ பாக்கத்தான போற?" என்றாள். பார்த்தேன். பதிவு ஆபீஸ் வராந்தாவில், பின்னால் வரிசையில் நின்றவர்கள் "சீக்கிரம் ஆகட்டுங்க" என்று சொல்ல, நின்ற இடத்தில் கட்டினான். மழை பெய்யவில்லை. பீடமும் இல்லை.

மாலையில் எல்லோரும் மலையேறி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பந்தலுக்கு அடியில் வெள்ளை அங்கி இல்லாமல் சட்டை வேட்டியோடு போதகர் உட்கார்ந்திருந்தார்.

"கோயில்லதான் முடியாதுன்னாங்க. ஊட்டுல ஜெபம் பண்றதுக்கு நான் யாரையும் கேக்கல" என்றார்.

எல்லோரும் எழுந்து நின்றோம். நான் முக்காடு போட்டுக் கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள் பழைய சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. இவர்கள் எப்படி ஜெபிப்பார்கள்? நம்மைப் போலத்தானா? பொறுக்க முடியாமல் ஒரு கண்ணைத் திறந்தேன். மாப்பிள்ளை, வாத்தியார் முன்னால் நிற்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, கண்ணை இறுக்கி மூடி நின்றிருந்தான். அவன் அம்மாவும் கையைக் கட்டித்தான் நின்றார். தலையில் முக்காடு இல்லை. ஆனால் அவருக்கும் ஒரு கண் திறந்திருந்தது. அது என் முக்காட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் திருடிகள்போல விழித்தோம். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு வயிறு குலுங்கியது. சிரிப்பு வெளியே வந்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாய்க்குள் திணித்தேன். போதகர் என்னவோ கேட்டு நீளமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். சம்பந்தியம்மாவும் நானும் மட்டும் கொஞ்சம் பிந்திச் சொன்னோம்.