மூஞ்சி இல்லாத பேனர்

வில்லாபுரத்தில் எங்கள் தெரு இளைஞர் மன்றத்துக்குத் தலைவியானதும் நான் போட்ட முதல் உத்தரவு, இனிமேல் பேனரில் யாருடைய போட்டோவும் வரக்கூடாது என்பதுதான். இந்த ஊரில் காதுகுத்துக்கும் பேனர், கட்சிக்காரர் பிறந்தநாளுக்கும் பேனர். கீழே வரிசையாகத் தபால்தலை மாதிரி முகங்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மன்றத்தில் இருந்த பதினெட்டுப் பிள்ளைகளில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் நடத்திய இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு, தேதியும் இடமும் மட்டும் போட்டு அழகாக ஒரு பேனர் வைத்தேன். வந்தது நான்கு பேர். டாக்டர் மதியம் வரை பேப்பர் படித்தார்.

"அக்கா, மூஞ்சி இல்லாத பேனர யாரு நின்னு பாப்பாக?" என்றாள் பிள்ளைகளில் ஒருத்தி.

அடுத்த முகாமில் அவர்கள் இஷ்டத்துக்கு விட்டேன். பிள்ளைகள் பதினெட்டுப் பேரின் முகங்களோடு பேனர் ஏறியது. பிள்ளையின் முகத்தைத் தேடி அம்மாக்கள் வந்தார்கள், சித்திகள் வந்தார்கள், பெரியப்பாக்கள் வந்தார்கள். கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்கள்.

"பெத்த மகன் மூஞ்சியே தெரியலயா? உள்ள வாங்கம்மா" என்று அப்படியே டாக்டர் முன்னால் உட்கார வைத்தோம்.

பேனரின் நடுவில் என் முகம், எல்லாரையும்விடப் பெரிதாக. கூலிங் கிளாஸ் வேறு மாட்டிவிட்டிருந்தார்கள். சாயங்காலம் பேனரைக் கழற்ற ஏணியோடு வந்த பையன்களைப் பார்த்துக் கத்தினேன்.

"எவன்டா அதத் தொடுறது? ஒரு வாரம் இருக்கட்டும்!"