மூன்று விரல் சோதனை

எங்கள் பாடசாலையில் சுவர்கள் குறைவு. ஒரு நீண்ட மண்டபம், நடுநடுவே இடுப்பு உயரப் பலகைத் தட்டிகள். ஆறாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் பத்தாம் வகுப்பில் யாராவது கூடவே முணுமுணுப்பான். ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம். பனி இறங்கிவிட்டால் பின்வரிசைக்குக் கரும்பலகை தெரியாது. பட்டப்படிப்பு முடித்த சூட்டோடு எனக்கு அங்கே நியமனம் கிடைத்தது. ஹாலிஎலயிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போவேன். போய், எதையாவது மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம். எதை என்றுதான் தெரியாமல் இருந்தது.

அதை மாவா காட்டிக் கொடுத்தது. புகையிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஏதோ ஒரு வாசனை எல்லாம் கலந்து சின்னப் பொலித்தீன் பொட்டலத்தில் விற்கிறார்கள். கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டால் வெளியே தெரியாது. பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனின் காற்சட்டைப் பையில் அது அகப்பட்டது. கணக்கில் கெட்டி, வாயிலும் கெட்டி. அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவன்.

அதிபர் இரண்டு கிழமை விலக்கி வைப்பதாக முடிவு செய்தார். முந்தைய வருடம் இதே குற்றத்துக்கு விலக்கப்பட்ட ஒருவன் இரண்டு கிழமை முடிந்தும் திரும்பவில்லை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எச்சில் இலை எடுக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டோம். இவனும் அப்படிப் போய்விடுவான் என்று எனக்குப் பயம்.

"விலக்கினாத்தான் மத்தவனுக்குப் பயம் வரும் டீச்சர்" என்றார் அதிபர்.

"விலக்கினா எங்க சேர் இருப்பான்? காலையில பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேர் குடுத்துட்டு எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிடுறாங்க. லயத்து வீடுகள்ல ஒரு குஞ்சு இருக்காது. அவனும் பொட்டலக் கடையுந்தான்."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க? மாலை போடவா?"

விலக்குவதற்குப் பதிலாக, பிடிபட்டவர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் ஒரு வகுப்பு. போதைப் பழக்கம் உடம்பை என்ன செய்கிறது, எப்படி விடுவது. நான் நடத்துகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தவணை தர்றேன். இவன் திரும்ப மாட்டினா ஒங்க வகுப்பும் இல்ல, அவனும் இல்ல."

பெற்றோர் வந்து சம்மதிக்க வேண்டும். அவனுடைய அப்பா குடும்பத்தை விட்டுப் போய் வருடங்கள் ஆகின்றன. அம்மாதான் வந்தார், கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல். வாசலில் ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே வந்தார். உதடு அசையாமல், பல்லுக்கு உள்ளேயே பேசினார்.

"வாயத் தொறந்து பேசுங்கம்மா, இங்க யாரும் கடிக்க மாட்டாங்க" என்றார் அதிபர். அம்மா கூச்சப்படுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"படிக்கட்டுங்க சேர்" என்றார். "அவனாச்சும் மலை ஏறாம இருக்கட்டும்."

வகுப்பில் நான்கு பேர். முதல் இரண்டு வெள்ளியும் நான் பேசினேன், அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். மூன்றாவது வெள்ளி, ஒரு பல் டாக்டர் தொலைபேசிக் காணொளியில் காட்டிய சோதனையைச் செய்து காட்டினேன். நடு மூன்று விரல்களையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற மாதிரி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைக்க வேண்டும். நுழைந்தால் சரி. முதலில் நானே செய்தேன். சிரிப்பு வெடித்தது.

"ஒனக்கு முழுக்கையே போவும்டா" என்றான் அவன், பக்கத்தில் இருந்தவனிடம்.

"ஒனக்கு கொழுந்துக் கூடையே போவும்."

தட்டிக்கு அந்தப் பக்கம் எட்டாம் வகுப்பும் விரலை வாய்க்குள் விட்டிருக்கிறது. "கைய எடுங்கடா, இன்னைக்கு யாருக்கும் சோறு கெடைக்கலியா?" என்று அந்த டீச்சர் கத்துவது கேட்டது. மண்டபம் முழுக்க ஒரே கும்மாளம். எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது.

"போகாட்டி என்ன டீச்சர்?" என்று அவன் கேட்டான்.

"உள்ளுக்குத் தோல் இறுகிப் போச்சுன்னு அர்த்தம். பாக்கும் புகையிலையும் பல வருஷம் போட்டவங்களுக்கு அப்படி வரும். அப்படியே விட்டா புற்றுநோயாகவும் மாறலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவன் விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். அதன்பிறகு ஒரு பகிடியும் விடவில்லை. பயம் வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

திங்கட்கிழமை காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தரிப்பிடத்தில் நின்றான்.

"டீச்சர், ஒரு வெரலுதான் போவுது."

"உனக்கா? அன்னைக்கு மூணும் போச்சே."

"அம்மாவுக்கு. அதுவும் நோவுதுன்னு கையத் தட்டி விட்டுருச்சு." மூச்சு வாங்கினான். "காரமே திங்க முடியல, வெறும் பருப்புஞ் சோறுந்தான் ரொம்ப நாளா. ஒடம்புச் சூடுன்னு சொல்லிச்சு. நோவுற எடத்துல பொகயிலய அடக்குனா மரத்துப் போவுதாம். அதனால இன்னுங் கூடுதலாப் போடுது டீச்சர்."

பதுளை ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கூட்டிப்போனான். கன்னத்துக்குள்ளிருந்து சதைத் துணுக்கு எடுத்தார்கள். முடிவு சொல்லுகிற அன்று நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். டாக்டர் சிங்களத்தில் பேசினார். அம்மாவுக்குச் சிங்களம் வராது. கடைத்தெருவில் பழகிய சிங்களத்தில் அவன்தான் கேட்டுச் சொன்னான். டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னபோது அவன் என்னைப் பார்த்தான். என் வகுப்பில் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் நான் தமிழில் எழுதிய அதே சொல், புற்றுநோய். பிறகு அம்மா பக்கம் திரும்பினான்.

"மருந்து நெறைய எடுக்கணுமாம்மா. வந்து வந்து போவணுமாம்."

அம்மா தலையாட்டினார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அவன் மாவாவைத் தொடவில்லை. அது உண்மை; அதை நான் எந்தக் கூட்டத்திலும் எழுந்து சொல்வேன். ஆனால் அம்மாவால் மலைக்குப் போக முடியவில்லை, வீட்டில் ஒரு தங்கை, கிளினிக்குக்கு யாராவது கூட்டிப் போக வேண்டும். தவணை முடிவதற்குள் பதுளைப் பஜாரில் ஒரு பலசரக்குக் கடையில் சேர்ந்துவிட்டான். கிளினிக் நாளில் கடை முதலாளி, ஒரு முஸ்லிம் நானா, லீவு விடுவாராம்.

"நாம அவன விலக்கல டீச்சர்" என்றார் அதிபர். ஆறுதலுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மற்ற மூவரில் ஒருவனின் அப்பா அடுத்த கிழமை வந்தார். கைகட்டி நின்றபடி, மெதுவாக, மரியாதையாகப் பேசினார்.

"எம் மகன விலக்கியே வச்சிருங்க சேர். அந்தக் கிளாஸ் வேணாம்."

"ஏன்?"

"வாய்க்குள்ள கைய விட்டுப் பாத்தாங்க, அந்தம்மாவுக்கு வருத்தம் வந்துருச்சு. நல்லா மலைக்குப் போயிட்டிருந்த பொம்பள. லயத்துல எல்லாம் பேசிக்கிறாங்க. எங்க வீட்டுலயும் வெத்தல போடுற ஆளுக இருக்காங்க சேர்."

நோய் அதற்கு முன்பே இருந்தது என்று விளக்கினேன். படம் போட்டு விளக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க டீச்சர்" என்றார். மகனை அனுப்பவில்லை. மற்ற இருவரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் காலியான பெஞ்சுகளுக்கு முன்னால் நின்றேன்; தட்டிக்கு அந்தப் பக்கம் எட்டாம் வகுப்பு புவியியல் படித்துக்கொண்டிருந்தது.

விடுமுறையில் அந்தக் கடைக்குப் போனேன். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான்.

"பரீட்சை?" என்றேன்.

"அடுத்த வருஷம் பாப்போம் டீச்சர்." தராசையே பார்த்துச் சொன்னான். "கிளாஸ் நடக்குதா?"

நடக்கிறது என்று சொல்ல நினைத்தேன். முடியவில்லை. லயத்தில் பேசிக்கொள்வதைச் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பையைக் கட்டி என் முன்னால் வைத்தான்.

"அம்மா கிளாஸுக்கு வரட்டுமா டீச்சர்?"

"பேச முடியுமா அவங்களால?"

"பேச முடியாது. வாயக் காட்டும். காட்டுறேன்னுதான் சொல்லுது, இல்ல, சாடை காட்டுது."

உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டார். அவன் போய்விட்டான். திங்கட்கிழமை பாடசாலை தொடங்குகிறது. தட்டிகள் வைத்த அந்த மண்டபத்தில் அந்த அம்மாவை எந்த இடத்தில் நிற்க வைப்பது என்று யோசித்துக்கொண்டே பஸ் நிலையம்வரை நடந்தேன். எங்கே நின்றாலும் எல்லா வகுப்புக்கும் தெரியும்.