நான் புதைத்த பச்சை லாரி

நல்ல லாரி ஒன்றை நான் வேண்டுமென்றே சேற்றில் புதைத்தேன். அதனால் கெட்ட லாரி தேர்வானது. அதை ஓட்டிப் போனவன் கால் ஒடிந்து திரும்பி வந்தான். அவன் என் நண்பன். இன்றுவரை அவனுக்கு உண்மை தெரியாது.

இதைச் சொல்ல நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். இப்போது மட்டும் என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் வரவில்லை. நோய் நொடி இல்லை. படுத்தால் தூக்கம் வருகிறது. மலாக்காவில், காஜா பெராங்கில் சொந்த வீடு, வாசலில் காய்த்துத் தள்ளும் ரம்புத்தான் மரம், இன்னமும் என்னோடு சண்டை போடத் தெம்புள்ள மனைவி... நிறைவான வாழ்க்கைதான். அந்த நிறைவுதான் உறுத்துகிறது என்றால் நம்புவீர்களா?

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த காலம். நான் ஒரு சீன முதலாளியிடம், எங்கள் பேச்சில் தவுக்கேயிடம், லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சாலை போடும் குத்தகை எடுப்பவர் அவர். அவரிடம் இருந்த டிரைவர்களில் நான் மூத்தவன். எனக்கு அடுத்தவன் கோபால்.

கோபால் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது சிற்றூரில், இருந்த மலாக்கா செட்டி. வட்டிக்குக் கொடுக்கும் செட்டியார் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து இந்த மண்ணோடு கலந்துவிட்டவர்கள். பெயர் தமிழ், சாமி தமிழ், நெற்றியில் திருநீறு. பேச்சு மட்டும் மலாய். நாங்கள் பேசிக்கொண்டதும் மலாயில்தான். அவன் சொன்னதை இங்கே தமிழாக்கித் தருகிறேன். என்னை அவன் கூப்பிடும் ‘அபாங்’ என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். அண்ணே என்று மாற்றினால் அவன் குரலே போய்விடுகிறது.

தவுக்கேக்குப் பகாங் காட்டுக்குள் ஒரு சாலை வேலை கிடைத்தது. சாதாரண லாரி அங்கே ஒரு மைல்கூடத் தாண்டாது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் லாரி வேண்டும். பட்டாளத்தில் ஓடிக் கழித்த லாரிகள் இரண்டு விற்பனைக்கு வந்தன. ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். ‘போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று தவுக்கே என்னை அனுப்பினார்.

லாரி பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மற்றவர்கள் முதலில் பெயிண்டைப் பார்ப்பார்கள், பிறகு ஹாரனை அடித்துப் பார்ப்பார்கள். நான் ஒரு சாக்கை விரித்து நேரே அடியில் படுத்துவிடுவேன். லாரியின் யோக்கியதை அங்கேதான் தெரியும்.

பச்சை லாரி பார்க்க அசிங்கம். முன் மட்கார்டு நசுங்கி, ஒரு விளக்கு இல்லாமல் ஒற்றைக் கண்ணோடு நின்றது. ஆனால் அடியில் சட்டம் நேராக இருந்தது. எண்ணெய்க் கசிவு இல்லை. சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டுகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. இன்னும் பத்து வருடம் காட்டில் உழைக்கும் என்று எழுந்திருக்கும்போதே தெரிந்துவிட்டது.

சாம்பல் லாரி புதுப் பெயிண்டில் மாப்பிள்ளைபோல் நின்றது. ஊருக்கு வெளியே செங் பக்கம் ஒரு மேட்டில் ஏற்றினேன், ஒழுங்காக ஏறியது. தாழ்ந்த கியரில் இறக்கினேன். பாதி இறக்கத்தில் கியர் தானாக நழுவி வெளியே வந்துவிட்டது. மறுபடி இறக்கினேன், நழுவவில்லை. மூன்றாம் முறை நழுவியது.

பாரம் ஏற்றிய லாரி மலை இறக்கத்தில் கியரை விட்டுவிட்டால் பிரேக் மட்டும் தாங்காது. இது எந்த டிரைவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்... மிக நன்றாகவே தெரியும்.

பச்சை லாரியை வாங்குங்கள் என்று சொல்லத்தான் பட்டறைக்குத் திரும்பினேன். நான் வாயைத் திறப்பதற்குள் தவுக்கே திறந்துவிட்டார்.

“நாளைக்கு ஆயர் குரோவுல ரெண்டையும் சேத்துல விட்டுப் பார்ப்போம். பச்சையை நீ ஓட்டு, சாம்பலைக் கோபால் ஓட்டட்டும். எது ஏறுதோ அதை வாங்குறேன். ஓட்டினவன்தான் காட்டுக்கு ஹெட் டிரைவர். ரெண்டு வருஷம்.”

கோபாலுக்கு வாயெல்லாம் பல். அவன் லெட்சுமி என்ற பெண்ணை விரும்பினான். ஹெட் டிரைவர் ஆன பிறகு பெண் கேட்டு வா என்று அவள் தகப்பனார் சொல்லியிருந்தார்.

எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். மனைவியைத் தனியே விட்டுப் போக முடியவில்லை என்று சொன்னால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். ஆனால் ஒப்புக்கொள்ள உட்கார்ந்தபின் பொய் எதற்கு? சரசு தனியாகவே ஊரை ஆளக்கூடியவள். தனியாக இருக்க முடியாதவன் நான்தான். சாயங்காலம் குளித்துவிட்டு, அவள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அவளோடு வாயாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. காட்டைப் பற்றிய பயமும் இருந்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கிச் சூட்டுக் கதைகள் வாரம் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது.

வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். ஆனால் ‘காடு எனக்கு வீட்டுக் கொல்லை மாதிரி’ என்று அதே பட்டறையில் எத்தனை நாள் பீற்றியிருப்பேன்... அந்த வாயால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சாம்பல் லாரியின் கியரைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. திறந்தால் சோதனையே இல்லாமல் பச்சையை வாங்கிவிடுவார். நான் போகவேண்டியிருக்கும்.

ஆயர் குரோ இன்று அலுவலகங்களும் நெடுஞ்சாலையுமாக இருக்கிறது. அன்று காடும் கித்தா என்னும் ரப்பர் மரமும்தான். முந்தின நாள் பெய்த மழையில் செம்மண் பாதை களியாகக் கிடந்தது. கோபால் முதலில் போனான். சாம்பல் லாரி உறுமிக்கொண்டு சேற்றைத் தாண்டி மேட்டில் ஏறி நின்றது. ஏறுவதில்தான் அதற்குக் குறையே கிடையாதே.

அடுத்து நான். அந்த லாரிகளில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு கம்பி இருக்கும். அதைத் தள்ளினால்தான் முன் சக்கரங்களும் இழுக்கும். தள்ளாவிட்டால் பின் சக்கரங்கள் மட்டும்தான். வெளியே நிற்பவருக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது.

நான் தள்ளவில்லை.

சேற்றின் நடுவில் கொண்டுபோய் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். பின் சக்கரங்கள் குழி தோண்டின. இன்னும் அழுத்தினேன். பச்சை லாரி அச்சுவரை இறங்கிப் படுத்துவிட்டது. நல்ல இயந்திரத்தை அப்படிக் கதறவிட்டது என் தொழிலுக்கே துரோகம். அது அப்போதே உறைத்தது. ஆனாலும் இறங்கி வந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “இழுவை பத்தல தவுக்கே” என்றேன்.

சாம்பல் லாரியில் சங்கிலி கட்டி என்னை வெளியே இழுத்தவன் கோபால். அன்று பிற்பகலே தவுக்கே அதை வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். “நல்லதாப் போச்சு, மீன் தலையை நீங்களே எடுத்துக்கங்க” என்றாள் சரசு. எடுத்துக்கொண்டேன். ருசியாகத்தான் இருந்தது... அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோபால் புறப்பட்ட காலையில் வழியனுப்பப் போனேன். இறக்கத்தில் கியரைக் கையால் பிடித்துக்கொள் என்ற ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்டால்? தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால்? அவன் கெட்டிக்காரன், சமாளித்துக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைகளுக்கு மற்றவர்களுடைய கெட்டிக்காரத்தனத்தில் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

ஐந்தாம் மாதம் செய்தி வந்தது. கல் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும்போது லாரி கட்டுமீறிப் பள்ளத்தில் பாய்ந்திருக்கிறது. மரமொன்று தடுத்ததால் உயிர் தப்பினான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். நம்புங்கள், அன்று உண்மையாகவே அந்த முடிவோடுதான் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “கோபால், அன்னைக்கு ஆயர் குரோவுல...” என்று ஆரம்பித்தேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்குத் தெரியும் அபாங். அன்னைக்கு ரெண்டு லோரியையும் கழுவினது நான்தானே? பச்சை லோரியோட முன் மட்கார்டுக்குள்ள சேறு தெறிக்கவே இல்ல. முன் சக்கரம் சுத்தியிருந்தா தெறிச்சிருக்கும். நீங்க வேணும்னேதான் புதைச்சீங்க.”

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவன் விடவில்லை.

“லெட்சுமி விஷயம் தெரிஞ்சு, ஹெட் டிரைவர் வேலையை எனக்கு விட்டுக்கொடுத்தீங்க. கூடப்பிறந்தவன்கூடச் செய்யமாட்டான். நான்தான் கெடுத்துட்டேன் அபாங். முன்னாடியும் ரெண்டு மூணு தடவை நழுவுச்சு, என் கைத்தப்புதான். அன்னைக்கும் கியரைச் சரியாத் தள்ளாம இறக்கிட்டேன் போலிருக்கு. அது நழுவி வெளிய வந்திருச்சு. நீங்க கொடுத்த வேலையை நாசம் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிருங்க.”

நான் என்ன செய்தேன் தெரியுமா?

அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, “பரவால்ல, விடு” என்றேன்.

நான் அவனை மன்னித்தேன்! காலை ஒடித்தவன், ஒடிந்தவனை மன்னித்தேன். லாரியைப் புதைத்ததைக்கூட ஒருவேளை கடவுள் பொறுத்துக்கொள்ளலாம். இதை எப்படிப் பொறுப்பார்?

லெட்சுமியின் தகப்பனார் பேச்சு மாறவில்லை. ஹெட் டிரைவருக்கென்று நிச்சயித்த பெண்ணை நொண்டிக்கால் கோபாலுக்கே கொடுத்தார். நன்றாக வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். போகிப் பண்டிகையில் அவர்கள் முன்னோருக்குப் படைத்தபின் எனக்கும் சரசுவுக்கும் இலை போடாமல் அவர்கள் சாப்பிட்டதில்லை. ஆக எல்லாம் சுபமாகத்தானே முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. ஒரு வருடத்தில் கால் தேறி, இனி லாரி ஓட்டலாம் என்று டாக்டரே சொன்னார். கோபால் ஓட்டவில்லை.

“வேணாம் அபாங். கவனமில்லாத கை இது. இன்னொரு தடவை யாராவது செத்துப்போயிருவாங்க” என்றான்.

எப்பேர்ப்பட்ட கை அது என்று உங்களுக்குத் தெரியாது. முட்டைக்கூடைகளை ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான பாதையில் போய் ஒன்றுகூட உடையாமல் இறக்கியவன். என்னைவிட நல்ல டிரைவர். அவன் தவுக்கேயின் ஸ்டோரில் உட்கார்ந்து, இருபத்தைந்து வருடம் மற்ற டிரைவர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தான். லாரி ஒன்று வாசலில் வந்து நின்றால் எழுந்து போய் அதன் கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்பான். ஏறமாட்டான்.

தப்பு உன் கையில் இல்லை, கியரில் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏறியிருப்பான். அந்த ஒரு வார்த்தைக்கு இருபத்தைந்து வருடம் அவகாசம் இருந்தது. காலையும் மாலையும் அவனைப் பார்த்தேன். சொல்லவில்லை.

என் மகள் கல்யாணத்தில் அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் புதைந்த லாரியின் கதையைச் சபைக்குச் சொன்னான். ‘எனக்காக ஹெட் டிரைவர் வேலையை விட்டவர் இவர்’ என்று என்னைக் காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். சரசு கண் கலங்கி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து கும்பிட்டேன்... என்ன அழகான கும்பிடு!

அவனிடம் போய்ச் சொல்லாமல் எங்களிடம் ஏன் சொல்கிறாய் என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. சொன்னால் அவனுக்கு இன்று என்ன கிடைக்கும்? எழுபதை நெருங்குகிறவன் இனி எந்த லாரியை ஓட்டப்போகிறான்? ஒரு நல்ல அண்ணனை இழப்பான், அவ்வளவுதானே? இப்படியெல்லாம் நியாயம் பேசிப் பார்க்கிறேன். நியாயம் என் பக்கம் இருப்பதுபோலத்தான் தோன்றுகிறது. என் நியாயங்கள் எப்போதுமே எனக்கு வசதியானவை.

நேற்று இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கோபால் வந்தான். வழக்கம்போல் ரம்புத்தான் பறித்துப் போக ஒரு பையோடு வந்திருந்தான். நோட்டுப் புத்தகத்தை மூட எனக்கு நேரமில்லை. மூடவேண்டிய அவசியமும் இல்லை, அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எந்த மொழியில் எழுதுவது என்று நான் யோசித்ததே இல்லை என்று உங்களிடம் சொல்ல முடியுமா?

“என்ன எழுதுறீங்க அபாங்?”

“பழைய கதை.”

“என்னைப் பத்தி இருக்கா?”

“இருக்கு.”

பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் பாட்டன் பூட்டன் எழுதிய எழுத்து என்று தமிழ் எழுத்தின்மேல் அவனுக்கு ஒரு பக்தி. “என் பேரு எங்க?” என்று கேட்டான். காட்டினேன். ஆள்காட்டி விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மெதுவாக அதன்மேல் வைத்தான். அவன் கால் முறிந்த வரிகளுக்குச் சற்றுக் கீழே இருந்தது அந்த இடம்.

“சின்னதா இருக்கே. இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதியிருக்கலாம்” என்று சொல்லிச் சிரித்தான்.

எழுதுகிறேன் என்றேன். சரசு கோப்பி கொண்டுவந்தாள், குடித்தோம். அவன் புறப்பட்டபோது பை நிறையப் பழம் போட்டுக் கொடுத்தேன். வாசலில் இரண்டு படி இருக்கிறது. அந்தக் காலால் இறங்குவது அவனுக்குச் சிரமம். கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.