கம்புக்கு ராசா உண்டு

ஒரு தூண்டில் கம்புக்கு உணர்ச்சி இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், பணியில் இருந்த காலத்தில் அவரை வெளியே உட்கார வைத்திருப்பேன். அரசாங்கக் கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவன் நான். நாற்காலியோ நீர் இறைக்கும் பம்போ, விற்க வருகிறவர் சொல்லும் பெருமைகளில் அளக்க முடியாதவற்றைக் கோடு போட்டு அடித்துவிடுவதுதான் என் வேலை. அப்படிப்பட்டவன் ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் ஒரு தூண்டில் கடைக்குப் போய், பழைய கம்பின் விலையைப்போலப் பத்து மடங்கு கொடுத்து உணர்ச்சியை வாங்கிவந்தேன்.

சில மாதங்களாக என் தூண்டிலில் மீன் படவில்லை. இரை மட்டும் போய்க்கொண்டிருந்தது. பத்து உபான் என்கிற கடலோர ஊரின் கரைக் கற்களில் என் பக்கத்தில் உட்காரும் பாய்க்கும் அதே கடல், அதே இறால்தான்; அவர் செனாங்கின் மீனாகத் தூக்கிக்கொண்டிருந்தார். பட்டணத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்தி, அதை மகன்களிடம் விட்டுவிட்டு வந்தவர் அவர். விருந்தோம்பல் இன்னும் போகவில்லை. இந்த சார் மீனுக்கெல்லாம் இலவசமாகப் பசியாறப் போடுகிறார் என்று போகிற வருகிறவர்களிடம் சொல்வார்.

இதற்கு இரண்டு விளக்கங்கள்தான் இருந்தன. மீன் கடிப்பதைக் கம்பு கைக்குச் சொல்லாமல் இருக்கலாம். அல்லது கம்பு சொல்வது கைக்குக் கேட்காமல் இருக்கலாம். எனக்குச் சர்க்கரை உண்டு, நீண்டகால உறவு. சட்டைப் பொத்தானை இப்போதெல்லாம் குனிந்து கண்ணால் பார்த்தால்தான் மாட்ட முடிகிறது. ஆகவே குற்றவாளி கம்பாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். முடிவை எழுதிவிட்டு ஆய்வை நடத்துகிற கோப்புகளை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதைத் திருப்பி அனுப்ப யாருமில்லை.

கடைக்கு பாயும் வந்தார். நான் முறைப்படி கேட்டேன்: கார்பன் எவ்வளவு, வளையங்கள் எதனால் ஆனவை, உத்தரவாதம் எதற்கெல்லாம் பொருந்தும், எந்த நிலையில் திருப்பித் தரலாம். சீனக் கடைக்காரர் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்: பழுது இருந்தால் தரலாம். மற்றவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலாக, கம்பின் அடியை என் கையில் கொடுத்து, நுனியைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு மலாயில் பேச ஆரம்பித்தார். குரலின் அதிர்வு கம்பு வழியாக என் உள்ளங்கைக்கு வரவேண்டுமாம்.

"ராசா அடா?" என்றார்.

மலாயில் ராசா என்றால் நாக்குக்குச் சுவை; தோலுக்குத் தொடுகிற உணர்வு. அது இருக்கிறதா என்று கேட்கிறார். பாய் பின்னாலிருந்து, "உங்களத்தான் சார், ராசாங்கிறான்" என்றார்.

"அடா", இருக்கிறது, என்றேன். குரல் காதுக்கு நன்றாகவே கேட்டது. கைக்கும் வந்ததா என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை.

மறுநாள் காலை கற்களில் உட்கார்ந்து புதுக் கம்பை வீசினேன். எடை இல்லை; காற்றைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. கப்பல்களையும் பாலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் என் கம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கம்பு சலாம் சொல்லுது. நீங்க பதில் சொல்லாம உக்காந்திருக்கீங்களேலா."

தூண்டில் இழையைச் சுருட்டினேன். வெறும் முள். இன்னொரு இறால் போட்டேன், அதுவும் போயிற்று. அரைக் கூடை இறால் தீர்வதற்குள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சரக்கு பழுது, திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். ஆனால் பழுதை ஒரு சாட்சியின் முன் நிரூபிக்க வேண்டும். கடையில் நடந்த சோதனையும் செல்லாது. காதை அடைக்காமல் செய்தது. எனவே உட்கார்ந்த இடத்திலேயே இரு காதிலும் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டித் திணித்துக்கொண்டு, கண்ணை மூடி, கம்பைப் பிடித்தேன். பாய் நுனியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஏதோ முனகினார். எனக்கு ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

டிஷ்யூவைப் பிடுங்கிவிட்டு, பார்த்தீர்களா, பழுது என்றேன். பாய் தன் காதுகளைக் காட்டி, தனக்கும் டிஷ்யூ வேண்டும் என்றார். முறைப்படி அது சரிதான். சோதனையை இரண்டாவது ஆளும் செய்யவேண்டும். இப்போது அடிப்பகுதி அவர் கையில், நுனி என் தொண்டையில். கடைக்காரரிடம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்ப்பதுபோல், "பழுதான பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னேன்.

பாய் கண்ணைத் திறக்கவில்லை. "பேசுது சார். தெளிவா பேசுது" என்றார். பிறகு டிஷ்யூவை எடுத்துவிட்டு, அதுவரை நான் கேட்டிராத குரலில், "எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார்.

எது எவ்வளவு நாளாக என்று திருப்பிக் கேட்டேன்.

அரசாங்கக் கிளினிக்கில் ஆண்டுதோறும் ஒரு சோதனை உண்டு. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தங்கூசி என்கிற தூண்டில் இழையின் துண்டு போன்ற ஒரு நைலான் இழையால் தாதி பாதத்தைத் தொடுவார். "ராசா அடா?" என்பார். தொடுவதற்கு ஒரு தாளம் உண்டு. மூன்று முறை கேட்டால் பிடிபட்டுவிடும். அந்தத் தாளத்துக்கு நான் அடா, அடா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அவர் சற்று நிறுத்தி, "இன்னும் தொடவே இல்லையே, ஐயா" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டார். காலைப் பற்றித்தானே என்று விட்டுவிட்டேன்.

விலை உயர்ந்த கம்பு அந்த விலை பெறுமா என்று யாராவது கேட்டால், பெறும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, என் எரிச்சலே அதுதான். ஏமாற்றியிருந்தால் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பாய் தன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன மணியை எடுத்து என் கம்பின் நுனியில் மாட்டினார். பந்தய மோட்டார் சைக்கிளுக்குப் பால்காரரின் சைக்கிள் மணியை வைத்ததுபோல் இருந்தது. வேண்டாம் என்றேன்.

"அப்ப கம்ப எனக்குக் குடுங்க, மணிய நீங்க வச்சிக்குங்க."

கம்பைக் கொடுக்கவில்லை. மணி அன்று முழுக்க அடித்தது. காற்றுக்கு அடித்தது, படகு அலைக்கு அடித்தது, ஒருமுறை ஒரு கெளுத்திக்கும் அடித்தது. ஒவ்வொரு முறையும் பாய் தன் மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ராசாவுக்குக் கூப்பாடு" என்றார்.

அடுத்த மாதம் கிளினிக். தாளத்தைக் கவனிக்காமல் படுத்திருக்க வேண்டும். தாதி கேட்காவிட்டாலும் காலோடு கையையும் நீட்டுவதாக இருக்கிறேன்.