ஈரத் திரி

மெழுகுவர்த்தித் தொழிற்சாலையில் அவருக்குச் 'சனிக்கிழமை' என்று பெயர். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், உலகமே இடிந்து விழுந்தாலும் மனிதர் கோயிலில் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் முதல் ஆளாக நிற்பார். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், செபத்தில் பராக்காக இருந்தேன் என்று துவைத்துத் துவைத்து நிறம் போன மூன்று பாவங்கள். அரை நிமிடத்தில் மன்னிப்பு. வீட்டுக்கு வரும்போது முகத்தில் ஒரு பளபளப்பு. கூடவே, வரிசையில் நிற்காதவர்கள் மேல் ஓர் இரக்கமும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, அந்த முதலிடம் பறிபோய்விடுமோ என்ற பதற்றம். மருந்துத் தண்ணீரில் நனைத்த திரி நன்றாகக் காய்ந்த பிறகுதான் அச்சில் கோர்க்க வேண்டும். அவர் ஈரத்தோடு கோர்த்து, மெழுகை ஊற்றிவிட்டு, பாவத்தைக் கழுவ ஓடினார். மறுநாள் ஆயர் வந்த பூசையில் பீடத்தின் அறுபது மெழுகுவர்த்திகளும் படபடவென்று வெடித்து, ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

முதலாளி கேட்டபோது சனிக்கிழமை பொய் சொல்லவில்லை. "திரி காய வைக்கிறது மச்சினன் வேலைங்க" என்றார். உண்மைதானே! மனைவியின் தம்பிக்கு அன்றே வேலை போனது. 'ஆண்டவர் விளக்கை ஊதி அணைச்சவன்' என்று ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு அவனுக்குக் கிடைத்தது செங்கல் சுமக்கும் வேலைதான்.

போன சனிக்கிழமை புதிதாக வந்த ஃபாதர் கேட்டார்: "போன வாரமும் இதே மூணுதானே? வேற ஒண்ணும் இல்லையா?"

சனிக்கிழமைக்கு ரோஷம் வந்துவிட்டது. தன்னிடமும் கனமான சரக்கு இருக்கிறது என்று காட்டும் வேகத்தில் திரி விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஃபாதர் குரலைத் தாழ்த்தினார்.

"கடவுள் மன்னிப்பாருங்க. நீங்க மச்சினனைப் போய்ப் பாத்தீங்களா?"

கடவுளே ஒத்துக்கொண்ட பிறகு மச்சினன் யார் நடுவில் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் செங்கல் சூளைக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். கடைசியில், "கடவுளே மன்னிச்சுட்டாரு மாப்ள" என்று சேர்த்துக்கொண்டார், சிபாரிசுக் கடிதம் நீட்டுவது போல.

மச்சினன் தலைச்சுமையை இறக்கினான்.

"அவருக்கென்ன மாமா, மன்னிப்பாரு. வேலை போனது அவருக்கா?"

"அதுக்கில்ல மாப்ள..."

"முதலாளிகிட்ட வாங்க. இதை அப்படியே சொல்லுங்க."

"இன்னைக்கேவா? உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டுட்டா அன்னைக்குக் கோத்தீங்க?"

முதலாளி முன்னால் நின்றபோது அரை நிமிடம் போதவில்லை. ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கித்தான் வெளியே போட வேண்டியிருந்தது. சொல்லும்போதே நடுவில் எங்கோ அழுகையும் வந்துவிட்டது.

முதலாளி மச்சினனிடம் திரும்பினார். "உன்னைத் தெரியாம அனுப்பிட்டேன்பா. நாளைக்கே வந்துடு. இவரை என்ன பண்றது? நீயே சொல்லு, அனுப்பிடவா?"

மச்சினன் யோசித்தான். சனிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டார். அவசரத்துக்கு ஒரு செபம்கூட நினைவுக்கு வரவில்லை.

"வேண்டாம். திரி காய வைக்கிற வேலையை அவருக்குக் குடுங்க. அச்சு வேலை நான் பாத்துக்கறேன். நான் தொட்டுப் பாத்து சரின்னு சொன்ன பிறகு அவர் வீட்டுக்குப் போகட்டும். சனிக்கிழமையா இருந்தாலும்."

"சரிங்க" என்றார் அவர். முதலாளியைப் பார்த்துச் சொல்லவில்லை.